மைக்கில் விழுந்த கேள்வி

கோபிச்செட்டிபாளையத்துச் சேனாபதி, மகள் வீட்டோடு இருக்கலாம் என்று கலிபோர்னியாவின் சான் ரமோனுக்கு வந்து பதினோரு வருடம். கையில் கிரீன் கார்டு; தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை, ஓட்டும் இல்லை. அவர் செய்த குற்றம், ஓட்டுப் போட்டது. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனவர், கண்ணில் பட்ட கட்டத்தில் எல்லாம் டிக் அடித்துவிட்டார். அதில் ஒன்று, நான் அமெரிக்கக் குடிமகன் என்றது. கொஞ்ச நாளில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்தது. ஊரில் ஒரு தேர்தலைக்கூட விடாத மனுஷர் சும்மா இருப்பாரா? பள்ளிக்கூட போர்டுக்கு ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பினார். இப்போது அவரையே ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

குடியேற்ற நீதிமன்றத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ருக்மிணி. அந்த வேலைக்கு ஒரே விதிதான். அறையில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமாக எதுவும் பேசக் கூடாது. வாயாடியான ருக்மிணிக்கு அது பெரிய தண்டனை.

விசாரணை முடிந்தது. தீர்ப்பை இரண்டு வாரத்தில் எழுத்தில் அனுப்புவதாக நீதிபதி சொன்னார். சேனாபதி மெல்ல ருக்மிணி பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்னைய அனுப்பச் சொல்லி வாதாடறாரே, அந்த வக்கீலும் கவர்மென்ட் ஆளு. ஜட்ஜய்யாவும் கவர்மென்ட் ஆளுதான்னு மாப்பிள்ளை சொல்றாருங்க. அப்பறம் எப்படிங்க அவரு மனசுல பட்டதைச் சொல்ல முடியும்?"

ரகசியமாகக் கேட்டதாக அவருக்கு நினைப்பு. முன்னால் மைக் இருந்தது. ருக்மிணி யோசித்தாள். இதைச் சொல்லி, நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டால்? பின்வரிசையில் சேனாபதியின் மனைவி சாந்தாமணி, கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும், நாலு வருடமாக இந்த அறைக்கு வந்துபோகிற தனக்கு இந்தக் கேள்வி ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே! பதிலைக் கேட்க ருக்மிணிக்கே ஆசையாக இருந்தது. முழுசாகச் சொல்லிவிட்டாள்.

சேனாபதியின் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி கோபப்படவில்லை. அவர் பேசப் பேச ருக்மிணி தமிழில் சொன்னாள்.

"நல்ல கேள்வி. மத்த கோர்ட் ஜட்ஜுங்க மாதிரி கிடையாது நான். நீதி இலாகா தலைவர் அட்டர்னி ஜெனரலுக்குக் கீழ வேலை பார்க்கற ஊழியர். அந்த வக்கீலோட இலாகா வேற, ஆனா ரெண்டு இலாகாவுக்கும் மேல இருக்கறது ஒரே ஜனாதிபதிதான். இதே மாடியில என்கூட இருந்த ரெண்டு ஜட்ஜை ஒரே ஈமெயில்ல வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. மனசுல பட்டதைச் சொல்ல முடியும். எத்தனை நாளைக்குன்னுதான் தெரியாது."

அப்புறம் கொஞ்ச நேரம் ஃபைலைப் புரட்டினார்.

"ரெண்டு வாரம் வேண்டாம். இப்பவே சொல்லிடறேன். நீங்க டிக் பண்ணது தப்பு. ஏமாத்தணும்னு பண்ணலைன்னு நம்பறேன். கிரீன் கார்டு உங்ககிட்டயே இருக்கும். நீங்க இங்கேயே இருக்கலாம்."

சாந்தாமணி வாய்விட்டு அழுதார். அப்பீல் செய்யும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அரசு வக்கீல் பதிவு செய்தார். ருக்மிணி அதையும் மொழிபெயர்த்தாள்.

சேனாபதி எழுந்து நீதிபதியைக் கும்பிட்டார்.

"நான் பாட்டுக்குக் கேட்டுப்போட்டனுங்க. இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுங்களே?"

ருக்மிணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நீதிபதி தன் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். மொழிபெயர்க்க அவளுக்கு எதுவும் இருக்கவில்லை.