பேச்சித்தாய் சொன்னது

ஞானபூரணத்துக்கு நாற்பத்தொரு வயதில் காது போயிற்று. முதலில் வலது காது மந்தமானது. ஒரு மாதத்துக்குள் இரண்டுமே அடைத்துக்கொண்டன.

அவள் அரசாங்க நர்ஸ். வீடு சங்கரன்கோவிலில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். கணவன் தங்கப்பழம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். தினமும் காலையில் அவள் டவுன் பஸ் ஏறி, மேலநீலிதநல்லூர் தாண்டி, கரட்டுக்குளத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்குவாள். அந்த ஊரையும் சேர்த்து ஐந்து கிராமங்கள் அவள் பொறுப்பு. பதினாறு வருஷமாக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் கையில்தான் விழுந்தன.

பைக்குள் ஒரு அலுமினியக் குழல் வைத்திருப்பாள். வாயகன்ற பக்கத்தைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறுபக்கத்தில் காதை அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்டதும் தாயின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு விரலால் அந்தத் துடிப்பை அப்படியே தட்டிக் காட்டுவாள். "கேட்டியா? உன் பிள்ளை ஓட்டமா ஓடுதான் பாரு" என்பாள். இந்தத் தட்டலுக்காகவே பெண்கள் அவள் வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம். காற்றும் புழுதியுமாக இருந்த ஒரு நாள், சளியோடு தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வலது காது குடைந்தது. கொண்டை ஊசியை எடுத்துக் குடைந்துகொண்டாள். யாராவது கர்ப்பிணி அப்படிச் செய்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். மூன்றாம் நாள் தாடை வரை வலி இறங்கியது. ஐந்தாம் நாள் தலையணையில் மஞ்சளாகக் கறை. சீழ்.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டாள். வடிவது நிற்கவில்லை. காசநோய்க்காரர்களுக்கு அவளே தினமும் போடுகிற ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனையோ பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைத்த மருந்து. மருந்துக்கடையில் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் தொடையில் தானே போட்டுக்கொண்டாள்.

"ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டுப் போடலாம்லா" என்றான் தங்கப்பழம்.

"டாக்டர் வந்து என்ன புதுசா சொல்லப் போறாரு? நான் பாக்காத சீழா?"

எட்டாவது ஊசியில் காது காய்ந்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரண்டு காதிலும் ஒரு இரைச்சல் தொடங்கியிருந்தது. நடந்தால் தரை சாய்வது போலிருந்தது. இந்த மருந்துக்கு இரைச்சல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று அவள் படித்தவள்தான். பத்து ஊசியை முடித்துவிட்டால் நோய் திரும்ப வராது என்று மேலும் இரண்டு போட்டுக்கொண்டாள்.

பத்தாவது ஊசி போட்ட மறுநாள் காலையில் எழுந்து அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அது சத்தமில்லாமல் நடந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியில் விழுந்ததைப் பார்த்தாள். பின்னால் வந்து தங்கப்பழம் தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள். அந்த அலறல்கூட அவளுக்கு எங்கோ கிணற்றுக்கு அடியில் கேட்பது போலத்தான் இருந்தது.

அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாளில் இடது காது மட்டும் கொஞ்சம் திரும்பியது. பக்கத்தில் வந்து சத்தம் போட்டுச் சொன்னால் அரைகுறையாகக் கேட்டது. தங்கப்பழம் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்: லீவு எழுதிக் கொடு. பாளையங்கோட்டைக்குப் போவோம்.

"போவோம். இந்த மாசம் முடியட்டும்" என்றாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை. "காது கேக்காத நர்சை எவன் வச்சுக்கிடுவான்? வீட்டுக்குப் போன்னுருவான். அப்புறம் நான் என்னத்துக்கு இருக்கேன்?"

அவள் வேலைக்குப் போனாள். கேட்க வேண்டியதில் பாதியைப் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே ஊகித்துக்கொண்டாள். இந்தப் பெண்கள் கேட்பதெல்லாம் பதினாறு வருஷமாக ஒரே கேள்விகள்தான். குறுக்கு வலிக்கு, கால் வீங்குது, சாப்பாடு இறங்கலை. வாயைப் பார்த்துப் பதில் சொல்லிச் சமாளித்தாள். குழலை மட்டும் சமாளிக்க முடியவில்லை. வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினால் தன் தலைக்குள் இருக்கிற இரைச்சல்தான் கேட்டது. ஆனால் தாய்மார்கள் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் தட்டினாள். எத்தனையோ வருஷம் கேட்ட துடிப்பு விரலுக்குத் தெரியுமே. மூன்று வாரத்தில் பதினோரு பெண்களின் மணிக்கட்டில் கேட்காத துடிப்பைத் தட்டினாள்.

பதினோராவது ஆள் பேச்சித்தாய். கரட்டுக்குளத்தில் ஆடு மேய்க்கிற மருதப்பனின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மாதம் நிறைந்திருந்தது. ஞானபூரணம் குழலை வைத்து எடுத்து, மணிக்கட்டில் தட்டிக் காட்டிவிட்டு, பையைக் கட்டத் தொடங்கினாள். பேச்சித்தாய் மெல்ல எழுந்து, செம்பில் மோர் ஊற்றுவதற்காக அந்தப் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். செம்போடு திரும்பியபோது பேச்சு முடிந்து, கண்ணில் ஒரு கேள்வி மட்டும் நின்றது.

தலைச்சன் பிரசவத்துப் பயம், வேறென்ன என்று ஞானபூரணம் நினைத்தாள்.

"எல்லாம் நல்லதுக்குத்தான் மக்கா. பயப்படாத" என்று சொல்லி மோரைக் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பஸ்ஸில் அவள் இறங்கியபோது விலக்கிலேயே மருதப்பன் சைக்கிளோடு நின்றான். விடியற்காலையிலேயே வலி வந்துவிட்டதாம். அவள் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. உடம்பு நீலம் பாரித்து, கை தொங்கியது. முதுகில் தட்டினாள். தலைகீழாகப் பிடித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவள் காதுக்குள் இரைச்சல் ஓயாமல் இருந்ததால், பிள்ளை அழுதுவிட்டதோ என்று ஒரு கணம் நிமிர்ந்து சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகங்களில் தெரிந்துவிட்டது.

துணியில் சுற்றி மருதப்பன் கையில் கொடுத்தாள். திரும்பினால், பாயில் கிடந்த பேச்சித்தாய் அவளை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. ஜன்னல் வெளிச்சம் அவள் வாயில் விழுந்தது. காது போன பிறகு முதல் தடவையாக ஞானபூரணத்துக்கு ஒரு முழுப் பேச்சும் உதட்டிலேயே புரிந்தது.

"அன்னைக்கே சொன்னேன்லாக்கா. முந்தின நாள்லேருந்து துள்ளல் இல்லைன்னு."

அன்றைக்கு எப்படி வீடு வந்தாளென்று அவளுக்கு நினைவில்லை. தங்கப்பழம் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது சமையல் கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் அவள் இடது காதோரம் குனிந்து, "யாராச்சும் உன்னைக் குத்தம் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. விதின்னு சொல்லுதாங்க."

"அப்ப விட்டுரு பூரணம். இனிமே போவாண்டாம். நாளைக்கே எழுதிக் குடுத்துருவோம். இதை யார்ட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

அவள் அவனையே பார்த்தாள். அவன் கெட்டவனில்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். இருந்தும் அன்றிலிருந்து நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கரட்டுக்குளத்துக்குப் போனாள். பேச்சித்தாய் சுவரோரம் படுத்திருந்தாள். பால் கட்டி நெஞ்சில் ஈரத் துணி போட்டிருந்தது. மருதப்பன் வாசல் பக்கம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். ஞானபூரணம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேச்சி, எனக்குக் காது கேக்கலை. ஒரு மாசமா கேக்கலை. அன்னைக்கு நீ சொன்னது எனக்கு விழலை. உன் கையில தட்டினேன்லா, அது பொய். எனக்கு ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தா உன்னை அன்னைக்கே பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருப்பேன். பிள்ளை இருந்திருக்கும்."

பேச்சித்தாய் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. பேசுகிறாள் என்று தெரிந்தது. நிறையப் பேசினாள். தோள் ஏறி இறங்கியது, ஒரு கை தரையில் அறைந்தது.

"இங்கன திரும்பிச் சொல்லு மக்கா. எனக்குத் தெரியணும். வைதாலும் பரவாயில்ல, என் முகத்தைப் பாத்து வையி."

அவள் திரும்பவில்லை.

மருதப்பன் வந்து ஞானபூரணத்தின் பையைக் கையில் எடுத்துக்கொண்டான். பஸ் நிற்கிற விலக்கு வரை கூடவே நடந்தான். "அவ என்ன சொன்னா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அவனுக்கு எழுதத் தெரியாது. பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தபோது பையைக் கொடுத்து, வாயை அகலத் திறந்து சொன்னான்: "வேண்டாம்மா. அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றியத்து ஆஸ்பத்திரியில் இறங்கி டாக்டர் சுபைதா பேகத்தின் அறைக்குள் போனாள். டாக்டர் அந்தப் பக்கம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஞானபூரணத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். ஞானபூரணம் மேசையில் பையை வைத்து நடந்ததைச் சொன்னாள். டாக்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஒரு தாளை இழுத்து எழுதினாள்: ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"பயந்தேன். வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்தேன்" என்றாள் ஞானபூரணம். "டாக்டரம்மா, அதை அப்புறம் பேசுவோம். இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. அவங்க கையிலயும் பொய்யாத்தான் தட்டியிருக்கேன். யாராவது போய்ப் பாக்கணும். பேரெல்லாம் எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி ஜீப் கிளம்பியது. ஞானபூரணம் முன்னால் உட்கார்ந்து வழி காட்டினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, அந்தப் பெண்ணிடம், "எனக்குக் காது கேக்காது. அன்னைக்கு நான் சொன்னதை நம்பாத. டாக்டரம்மா பாப்பாங்க" என்றாள். சிலர் புரியாமல் சிரித்தார்கள். ஒரு வீட்டில் மாமியார்க்காரி கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். கரட்டுக்குளத்து விஷயம் அங்கே தெரிந்துவிட்டிருந்தது. டாக்டர் நடுவில் நின்று தடுத்தாள்.

எட்டாவது வீட்டில் டாக்டர் வயிற்றில் வைத்த குழலை எடுக்காமல் நெடுநேரம் குனிந்திருந்தாள். ஞானபூரணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஞானபூரணம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்துப் பிள்ளைகளும் நன்றாக இருந்தன. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தவறிப்போனது பேச்சித்தாய்க்கு மட்டும்தானா என்றுதான் தோன்றியது.

கடைசியில் டாக்டர் பேச்சித்தாய் வீட்டுக்கும் போனாள், பெற்ற உடம்பைப் பார்க்க வேண்டுமென்று. ஞானபூரணம் ஜீப்பிலேயே இருந்துகொண்டாள். திறந்த கதவு வழியே இருவரும் தெரிந்தார்கள். பேச்சித்தாய் கையை விரித்து விரித்துப் பேச, டாக்டர் தலையசைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து ஜீப்பில் ஏறியபோது டாக்டரின் கண் கலங்கியிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தாள். ஞானபூரணம் அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். சொன்னால் பேச்சித்தாயே தன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றிருந்தது அவளுக்கு.

நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விசாரணை நடந்து முடிந்து, அவளை ஒன்றியத்து ஆஸ்பத்திரியின் மருந்து அறையில் போட்டார்கள். பஞ்சு உருட்டுவதும் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் வேலை. வருகிற பெண்களில் சிலர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகப் பேசினார்கள். சிலர் சீட்டை நீட்டிவிட்டுச் சும்மா நின்றார்கள். யார் எப்படி நின்றாலும் அவள் அவர்கள் வாயை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.