புல் விரிக்கும் முன்

அவள் பல் செட் செய்கிறவள். பாதி ஊர் தன் பெண்டாட்டி கைவண்ணத்தில்தான் சிரிக்கிறது என்று அவள் கணவன் பார்க்கிறவரிடமெல்லாம் பெருமையடிப்பான். அவன் பஸ் டிரைவர்; எதிலும் அவசரம். வீட்டுக்குப் பின்னால் இருந்த இடம் மழையில் சேறாகவும் வெயிலில் வெடிப்பாகவும் கிடந்து அவனுக்குச் சலிப்பை உண்டாக்கிவிட்டது.

"நாளைக்கே செயற்கைப் புல்லுக்குச் சொல்லிடறேன். பாய் மாதிரி விரிச்சிட்டுப் போயிடுவாங்க."

"வாயை அச்செடுக்காம நான் யாருக்காவது பல்லு பண்ணியிருக்கேனா?"

"மண்ணுக்கு ஏதும்மா வாய்?"

"இருக்கு. கொஞ்சம் பொறுங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று தெரிந்ததால், புல்லுக்குச் சொல்வதைத் தள்ளிப்போட்டான்.

லீவு போட்டுவிட்டு அவள் கொல்லையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வழி தெரியாத விருந்தாளி போல அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் சுவரோரம் போய்த் தேங்கி நின்றது. அங்கே மண்ணை உயர்த்தி, சாய்வை வாய்க்கால் பக்கம் திருப்ப வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். சாக்கடை மூடி பாதி புதைந்திருந்தது. சுரண்டி வெளியே எடுத்தாள். புல்லுக்கடியில் அதை மறைத்துவிட்டால், அடைத்துக்கொள்கிற அன்று புல்லையே கிழிக்க வேண்டியிருக்கும்.

பிறகு பழைய பச்சைப் போர்வைகளை ஒன்றோடொன்று தைத்து, எவ்வளவு தூரத்துக்குப் புல் வேண்டும் என்று பார்க்க விரித்தாள். காற்று அடியில் புகுந்ததும் போர்வை மெல்ல எழுந்து தாழ்ந்தது, தூங்குகிறவரின் வயிறு போல. டேப்பை எடுத்தவள் அளக்க மறந்து அதன் நடுவில் போய் உட்கார்ந்தாள். வீடு எங்கோ தொலைவில் இருப்பதுபோல் இருந்தது.

மதியம் ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்து வீட்டு மாடியின் பெரிய கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பி, சுவரைத் தாண்டி இறங்கி, போர்வை மேல் மெதுவாக நகர்ந்தது. ஏதோ பிராணி மேய்ந்துகொண்டு போவதைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் வந்தது. அது வரும் நேரத்துக்காகவே சீக்கிரம் சாப்பிட்டு முடித்தாள்.

டூட்டி இல்லாத நாளில் அவனும் வந்தான். "சும்மா அளவு பார்க்கறேன்" என்று படுத்தவன் குறட்டை விட ஆரம்பித்தான். வெளிச்சம் ஊர்ந்து வந்து அவன் காதைத் தொட்டது.

"ஐயோ! காதுல யாரு இஸ்திரிப்பெட்டிய வச்சது?"

சிரித்துக்கொண்டே வெளிச்சம் பட்ட இடத்தில் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படி ஒரு சூடு. புல் போடுகிறவருக்குப் போன் செய்தாள்.

"கண்ணாடி வெளிச்சமா? புல்லு சுருண்டு உருகிடும்மா. முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு அக்கா கோபப்படுவாளோ என்று தயங்கித்தான் போனார்கள். அவளோ, "அடடா, என் வீட்டு வெயிலு உங்க வீட்டுல வேலை பார்க்குதா? ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிடறேன், போங்க" என்று சிரித்தாள். சொன்னபடியே கட்டினாள்.

மண்ணைச் சரித்து, சல்லி கொட்டி இடித்து, மூடிக்கு மேல் தனியாகத் தூக்குகிற மாதிரி ஒரு துண்டு விட்டு, புல்லைப் போட்டார்கள். அடுத்த மழையில் ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. "நல்லவேளை, நான் அன்னைக்கே அவசரப்படல" என்று அவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டான்.

வெயில் வந்த ஒரு மதியம் அவள் புல்லில் படுத்திருந்தாள். புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததுபோல் வாசனை.

"நல்லாத்தானே இருக்கு? ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று வாசற்படியில் நின்று அவன் கேட்டான்.

"அந்த வெளிச்சம் வராதுல்ல இனிமே."

கேலி செய்யப் போகிறான் என்று நினைத்தாள். அவன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் வந்து படுத்தான். இருவரும் மேலே மேகம் ஒன்று கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.