ஆறிய வடிகட்டியின் எடை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மேல் வீட்டுக்காரர் சொன்னது. வாகனப் புகையைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவர் பெயரைத் 'தராசு' என்று வைத்துக்கொள்வோம். சொல்லி முடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க அக்கா நீங்க எழுதுற எதையும் விடமாட்டா. அவளுக்குப் புரியணும். ஆனா அவ கதைன்னு தெரியக் கூடாது."

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

2

அன்று அடைமழை. சோதனைக்கூடத்தின் கூரையில்—

(அடித்துவிட்டேன். மழையே பெய்யவில்லை. தவறு நடக்கும் இடத்திலெல்லாம் மழையை வரவழைப்பது என் கெட்ட பழக்கம்.)

அன்று தராசுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை, ஏனென்றால்—

(இதுவும் பொய். ஒட்டியிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.)

3

நடந்தது இதுதான். (கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான், மன்னிக்க.)

அக்கா, பொரித்து மீந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் சின்ன ஆலை வைத்திருந்தாள். டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் புகையில் கரி குறையும் என்பாள். சோதனையில் தேறினால் வாங்குகிறோம் என்றது ஒரு பேருந்து நிறுவனம். சோதனை தம்பி தராசின் கைக்கே வந்தது.

புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு பீங்கான் வடிகட்டி உண்டு. வண்டி ஓடுவதற்கு முன்னும் பின்னும் அதை எடை போட்டால், கூடியிருப்பது கரி. ஆனால் சூடு ஆறுவதற்குள் போட வேண்டும். ஆறினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துவிடும். தராசுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

வெறும் டீசலுக்கு முப்பது கிராம் கரி. கலவையை ஓட்டி முடித்து வடிகட்டியைக் கழற்றும்போது அக்கா போன் செய்தாள்.

"டேய், கேட்ல நிக்கிறேன், உள்ள விட மாட்டேங்கிறாங்க. நான் வராம எடை போட்டுடாதே."

"சரிக்கா. நீ வந்து உன் கண்ணால பாரு."

வாசலில் நுழைவுச் சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, அவள் வந்து சேர ஒரு மணி நேரமானது. அவளுக்குக் காட்டப்போகும் சந்தோஷத்தில் விதி மறந்தே போயிற்று. ஆறிப்போன வடிகட்டி, கரி முப்பத்தாறு கிராம் என்று காட்டியது.

"விடுடா. என் எண்ணெய் லட்சணம் அவ்வளவுதான்" என்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

அறிக்கை போனது. ஆலை மூடியது. மறுமாதம் ஒரு சந்தேகத்தில் வேறொரு வடிகட்டியைச் சூடாக ஒருமுறை, ஆறவிட்டு ஒருமுறை எடை போட்டான். பதினான்கு கிராம் வித்தியாசம். முப்பத்தாறில் அதைக் கழித்தால் இருபத்திரண்டுதான். யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வருடம்.

(கலவையிலும் குறை உண்டு; நாள்பட வடிகட்டியில் சாம்பல் சேரலாம். ஆனால் அன்றைய கேள்வி அதுவல்ல.)

4

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, 'நான் லேட்டா வந்ததால தானே'ன்னு அவ தன்னையே நொந்துக்குவா."

பாதிதான் நம்பினேன். மறுபாதி, வேலை போய்விடுமோ என்று பயந்தது. அதை அவரும் மறுக்கவில்லை.

5

முதல் முடிவு: அவன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு— (நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவள் மன்னித்தாள். அது என் ஆசை.)

இரண்டாம் முடிவு: சொல்லாமலே காலம் போகிறது. (எழுத மனம் வரவில்லை.)

நிபந்தனையை மீறிவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை மாற்றியிருந்தால் அக்காவுக்குத் தன் கதை என்று தெரிந்திருக்காது, புரிந்தும் இருக்காது. மற்ற வாசகர்கள் இங்கே எழுந்து போகலாம். அக்கா, நீங்கள் மட்டும் இருங்கள். உங்கள் தம்பியை என்ன செய்வது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உங்கள் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். இதை உங்களிடம் சொல்ல வேண்டியவர் நானல்ல.