மார்ச்சுக்கு வைத்த மரங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. மேப்பிள் மரத்தைத் துளைத்து, வடியும் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிற ஊர் எங்களுடையது; பிப்ரவரி பிறந்துவிட்டால் இங்கே யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "துளை போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போலத்தான், பதிலுக்குக்கூட நிற்கமாட்டார்கள். கடைக்காரரும் அன்று அப்படித்தான் கேட்டார், கொலெட் வாங்கிய டிரில் பிட்டைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டே. கொலெட் வாயைத் திறந்தாள். மூடினாள். பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவள் நான். இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அறுபத்தொரு வயது கொலெட் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பாதி சொன்னாள். மீதியை ஏப்ரலில் சொன்னாள். "எழுதுறதா இருந்தா பேரை மாத்திடு" என்றாள். மாற்றிவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மேப்பிள் மரத்தில் துளை போடும் நாளை வானம் முடிவு செய்கிறது."

பொய். அடித்துவிட்டேன். வானிலை எல்லார் கைபேசியிலும் ஒன்றுதான். நாள்தான் வீட்டுக்கு வீடு வேறு.

இரண்டாவது தொடக்கம்: "மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பெண்..."

இதையும் அடித்தேன். தாழ்வாரம் இல்லாமல் சாவை எழுதவே வராதா என்று எனக்கே அலுத்தது. ஆனால் என்ன செய்ய, தாழ்வாரத்தில்தான் நடந்தது. (நீளம் என்று சொன்னதுதான் என் கைச்சரக்கு. கொலெட்டைக் கேட்டால், நாலு நாற்காலி போட்ட இடம் என்கிறாள்.)

ஜனவரி கடைசி வாரம். கொலெட்டின் கணவன் அர்மான் உள்ளே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். மருத்துவர் கொலெட்டைத் தனியே அழைத்து, கணையத்தில் இருப்பது இனி மருந்துக்கு அடங்காது என்றார்.

"மார்ச்?" என்று கேட்டாள் கொலெட். எங்கள் ஊர்ப் பெண் வேறு எந்த மாதத்தைக் கேட்பாள்?

அவர் தரையைப் பார்த்தார். "மார்ச்சை நம்பி எதையும் தள்ளிவைக்காதீங்க."

வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம். மருத்துவர் என்ன சொன்னார் என்று அர்மான் கேட்கவில்லை. பாதி வழியில் ஒரு தடவை வாய் திறந்தான். "அடுத்த வாரம் குளிரு எப்படியாம்?"

3

முதல் பிரதியில் அர்மானை 'அவர்' என்று எழுதியிருந்தேன். மரியாதை கூடக்கூட ஆள் விலகிப் போய்க்கொண்டே இருந்தார். 'அவன்' என்று மாற்றியதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

முப்பத்தெட்டு வருஷமாக அவன் மார்ச் முதல் வாரத்துக்கு முன்னால் துளை போட்டதில்லை. காரணம் எளியது. மரத்துக்கு வருஷத்தில் ஒரு துளைதான். போட்ட துளை ஆறேழு வாரம் சாறு கொடுக்கும், பிறகு உலர்ந்து மூடிக்கொள்ளும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் வரிசையாக வரும்போதுதான் சாறு கொட்டும். ஆசைப்பட்டு முன்னாலேயே துளைத்தவன், ஏப்ரலில் ஊரே கொட்டும்போது உலர்ந்த துளையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரி முதல் வாரம் அர்மானின் தம்பி லூசியன் வந்தான். அண்ணனோடு சேர்ந்து பாகு காய்ச்சுகிறவன். அர்மானின் கட்டிலைக் கீழே ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்; அங்கிருந்து பார்த்தால் காய்ச்சும் கொட்டகையின் புகைபோக்கி தெரியும்.

"அடுத்த வாரம் ரெண்டு நாள் இளகும்னு போட்டிருக்கான். அந்த மேட்டுத் தோப்புக்காரனுங்க எல்லாரும் துளைச்சிட்டானுங்க" என்றான் லூசியன்.

"மேட்டுக்காரன் ஜனவரியிலயே ஜட்டியோட திரிவான். நீயும் திரியுறியா?"

"இப்பல்லாம் பருவம் முன்ன மாதிரி இல்ல, அர்மான்."

"நானும்தான் முன்ன மாதிரி இல்ல. அதுக்காக என்னை மாத்திட்டியா?" அர்மான் போர்வையை இழுத்துக்கொண்டான். "மார்ச்சுல நானே வந்து முதல் துளை போடுவேன். போய்ச் சாறு வர்ற குழாயில அணில் கடிச்ச இடத்தை ஒட்டு, போ."

லூசியன் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தான். முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சிரிப்பு இல்லாமல் கொலெட்டிடம் கேட்டான்: "மார்ச்சுல வருவானா?"

"வாயை மூடு" என்றாள் கொலெட்.

* அவர்கள் பேசியது பிரெஞ்சில். எனக்குள் அது தமிழாகத்தான் விழுகிறது. மேட்டுக்காரனின் ஜட்டி மட்டும் மூலத்திலும் ஜட்டிதான்.

4

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் பத்து மரத்தில் மட்டும் சத்தமில்லாமல் துளைத்து, ஒரு பானையில் காய்ச்சி, அவன் இருக்கும்போதே ஒரு கரண்டி கொடுத்துவிடலாமே? கதையும் மூன்று பக்கத்தில் முடிந்துவிடும்.

"அவனுக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு முட்டை உடைக்க முடியாது" என்றாள் கொலெட். "பத்து மரமோ ஆயிரம் மரமோ, பிப்ரவரியில நான் டிரில்லைத் தூக்கினா அதுக்கு என்ன அர்த்தம்? 'மார்ச்சை நீ பாக்கமாட்ட'ன்னு அவன் மண்டையில நானே துளை போட்ட மாதிரி. டாக்டரே அவன்கிட்ட சொல்லல. நான் சொல்லணுமா?"

"துளைக்காம இருந்தா?"

"அப்ப தினமும் பொய் சொல்லணும். காலையில காபி குடுக்கும்போது ஒண்ணு, மாத்திரை குடுக்கும்போது ஒண்ணு. 'மார்ச்சுல பாத்துக்கலாம் கிழவா, மார்ச்சுல பாத்துக்கலாம்.'"

அதனால்தான் கடையில் அவளுக்கு வாய் வரவில்லை. ஊரே சும்மா கேட்கும் கேள்வி. அவளிடம் இருந்ததோ மருத்துவர் சொன்ன கெடு ஒன்றுதான். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரி.

5

அர்மானுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியில் பத்து நாள் சிக்கிக் கிடந்தேன். தெரிந்தவனாக ஒரு பக்கம் எழுதினேன்: "எல்லாம் அறிந்த அமைதியோடு அர்மான் பனியைப் பார்த்துக்கொண்டு..." மாதாகோயில் சுவரில் வரைந்த புனிதர் மாதிரி ஆகிவிட்டான். கொலெட்டுக்குப் படித்துக் காட்டினேன். "யாரு இது?" என்றாள். "ஒரு தடவை நான் பட்டாணி சூப்புல உப்பு மறந்துட்டேன்னு நாலு நாள் பேசாம இருந்த ஆளு அவன். அமைதியாவது!"

தெரியாதவனாகவும் எழுதிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். சொந்த உடம்பு முப்பது கிலோ இளைத்ததைத் தெரியாதவன் எப்படி மரத்தின் உள்ளே சாறு ஏறுவதைத் தெரிந்துகொண்டான்?

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவன் சொன்னது மட்டும் தெரியும். அதை எழுதுகிறேன்.

6

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய். கொலெட் டிரில்லுக்குச் சார்ஜ் போட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனியில் முழங்கால்வரை புதைந்தபடி தங்கள் தோப்பின் தெற்குச் சரிவுக்குத் தனியாகப் போனாள். முதல் மரத்தின் பட்டையில் பிட்டை வைத்தாள். விரல் விசையின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கு நினைவில்லை. உள்ளங்கால் மரத்துப்போன பிறகு, அழுத்தாமலே திரும்பி வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டில் பக்கம் போய் நின்றாள்.

"எப்பப் போடலாம்?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு நாள் காலையில் அவனே சொல்லுவான், மற்றவர்கள் கிளம்புவார்கள். அவ்வளவுதான் வழக்கம்.

"எத்தனை டிகிரி?" என்றான்.

"வியாழன், வெள்ளி பகல்ல நாலு. ராத்திரி மைனஸ் ஆறு. அப்புறம் மறுபடி ஒரே உறைச்சல்."

"நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்."

"மார்ச்சுன்னு சொல்லுவ."

"அப்ப எதுக்குக் கேக்குற?"

அவன் அவள் கையிலிருந்த டிரில்லைப் பார்த்தான். பிட்டில் மரத்தூள் இல்லை என்பதையும் பார்த்திருப்பான்.

"நீ சொல்லு கிழவி" என்றான். "இந்த வருஷம் நீ சொல்லு."

"நாளைக்கு" என்றாள் கொலெட்.

(இங்கே மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது என்று கொலெட் சொல்கிறாள். அது போதும்.)

அர்மான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, எப்போதும் வேலை சொல்லும் குரலிலேயே சொன்னான்: "தெற்குச் சரிவு மட்டும். நூத்தி நாப்பது மரம் இருக்கும். அந்தக் குழாய் தனி, மத்த வால்வை மூடிக்கலாம். வடக்குப் பக்கம் எவனும் கை வைக்கக் கூடாது, லூசியன்கிட்ட நானே சொல்றேன். அது மார்ச்சுக்கு."

"மார்ச்சுக்கு" என்றாள்.

"உனக்கு" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, "பூட்ஸைக் கழட்டு. தரையெல்லாம் ஏரி ஆக்கிட்ட" என்றான்.

கழற்ற உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். ஈரத்திலேயே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கை மேலேயிருந்து தொங்கி அவள் தலையில் பட்டுக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே வைத்தானா, சோர்ந்து விழுந்த கையா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

7

புதன்கிழமை லூசியனும் கொலெட்டும் நூற்று நாற்பது துளைகள் போட்டார்கள். கடைசி மரத்தில் லூசியன் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குளிரு" என்றான். வியாழன் முழுக்கச் சாறு ஓடியது. வெள்ளி மத்தியானம்வரை ஓடியது. சனிக்கிழமை எல்லாம் உறைந்துவிட்டது. இரண்டு நாளும் புகைபோக்கியிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பியதை அர்மான் படுத்தபடி பார்த்தான். வைக்கோல் நிறத்தில் பதினேழு லிட்டர் பாகு.

இருபத்தாறாம் தேதி காலையில் அர்மான் இறந்தான்.

மார்ச் பதினான்கு, கொலெட் வடக்குச் சரிவில் துளை போட்டாள். இன்னும் நாலு நாள் பொறு என்றான் லூசியன். அவள் பொறுக்கவில்லை. சுமாரான வருஷம்தான். ஏப்ரலில் வடக்கு மரங்கள் கொட்டியபோது தெற்குச் சரிவு சும்மா நின்றது. "நூத்தி நாப்பது மரம் வீணாப்..." என்று ஆரம்பித்த லூசியன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொலெட்டுக்குக் கோபம் வரவில்லை. கணக்குப்படி அவன் சொன்னது சரிதான்.

8

வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றுதான். நடுவில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருக்கிறது: கொலெட் கொட்டகையிலிருந்து சூடான பாகை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்த சாயங்காலம்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அர்மான் தூங்கிவிட்டிருந்தான், கிண்ணம் ஆறியது. இரண்டாவதில் ருசி பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் காய்ச்சியிருக்கணும்" என்று குறை சொன்னான். மூன்றாவது எனக்கே பிடித்தது: கண்ணை மூடினான், முப்பத்தெட்டு வசந்தங்களின் தித்திப்பும் நாக்கில்...

மூன்றாவதை ஏப்ரலில் கொலெட்டுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"டிசம்பர்லேர்ந்து அவனுக்கு நாக்குல ருசியே கிடையாது. மருந்து. எதைக் குடுத்தாலும் ஆணியை நக்குற மாதிரி இருக்கும்பான்."

"உனக்கு அது முன்னாலயே தெரியுமா?"

"நான்தானே சமைக்கிறேன்."

"அப்ப எதுக்கு..." என்று ஆரம்பித்த நான் முடிக்கவில்லை. இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்களிலேயே உருப்படியானது அதுதான்.

"அவன் கேட்டான். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் நடந்தது எனக்கு மட்டும். அதைக் குடுக்கமாட்டேன்."

ஆகவே, இதைப் படிக்கிறவரே, என்னிடம் முடிவு இல்லை. ஜன்னல் இருக்கிறது, வெளியே ஆவி இருக்கிறது, அவள் கையில் ஸ்பூன் இருக்கிறது, அவன் வாயைத் திறந்திருக்கிறான். இனி ஒரு வரி வேண்டும். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பேசவைக்கலாம், சும்மாவும் விடலாம், அவளை அழவைத்தாலும் சரி.

இனித்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.