அந்தோனியார் படத்துக்குப் பின்னால்

இத்தாலியின் எல்பாத் தீவுக்குப் போகவென்று விடிய ஐந்து மணிக்கு எஸ்லிங்கனில் இருந்து வெளிக்கிட்ட நாங்கள், பத்து மணிக்குத் திரும்பவும் எஸ்லிங்கனில் நின்றோம். யார் காரணம் என்று கேட்டால் புவனேந்திரன் அண்ணை சில்வெஸ்டரைக் காட்டுவார். அவருடைய மனைவி றீற்றா அவரைக் காட்டுவாள். சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நான் யாரையும் தனியாகக் காட்ட மாட்டேன். எனக்கு மூன்று பேர் மேலும் கோபம்.

நாங்கள் நாலு பேரும் 1996இல் ஜெர்மனியில் ஒரே அகதி முகாமில், ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். றீற்றாவுக்கும் புவனேந்திரன் அண்ணைக்கும் கலியாணம் பேசி முடித்ததே அந்தக் குசினியில்தான். எங்கள் மூன்று பேரையும் ஜெர்மன்காரர் அகதிகளாக ஏற்றுக்கொண்டார்கள். சில்வெஸ்டரின் விண்ணப்பத்தை மட்டும் நிராகரித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அவனுடைய கதையும் என்னுடைய கதையும் ஒரே கதை. அதை எழுதின அதிகாரி மட்டும் வேறு ஆள்.

அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது டுல்டுங். ‘உன்னை ஏற்கவும் இல்லை, இப்போதைக்குத் துரத்தவும் இல்லை, பொறுத்துக்கொள்கிறோம்’ என்று எழுதின கடதாசி அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். முதல் நாலைந்து வருடம் அவனுக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டவர் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் ஒரே கேள்வியைக் கேட்பார். ‘எப்போது நாட்டை விட்டுப் போகிறீர்கள்?’ நான் அதைத் தமிழில் சொல்லுவேன். சில்வெஸ்டர் தன் சப்பாத்தைப் பார்ப்பான்.

அந்தக் கடதாசியோடு அவன் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு தடவை தாண்டினான். கொலோனில் எங்கள் முகாம் கூட்டாளி ஒருவனின் கலியாணம். போகும் வழியில் றெயினில் பொலிஸ் ஏறியது. கலியாண உடுப்போடு அவனை மைன்ஸில் இறக்கினார்கள். வழக்குப் பதிவாகி, அபராதம் கட்டி, அதற்குப் பிறகு அவன் ஸ்டுட்கார்ட்டில் நடக்கிற ஒன்றுகூடலுக்குக் கூட அனுமதிக் கடிதம் இல்லாமல் வர மாட்டான்.

இவ்வளவு காலமும் அவன் வேலை செய்தது எஸ்லிங்கனில் ஒரு இத்தாலியன் உணவகத்தில். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது தலைமைச் சமையல்காரன். அந்த முதலாளி எல்பாத் தீவில் பிறந்தவர். வருடா வருடம் அவருடைய தங்கை அந்தத் தீவின் படங்கள் போட்ட கலண்டர் அனுப்புவாள். சில்வெஸ்டர் பதினொரு வருடம் அந்தக் கலண்டருக்குக் கீழே நின்று கணவாய் வெட்டினான். எல்பாவில் எந்தத் துறைமுகத்தில் எந்த வீடு மஞ்சள், எந்தக் கடற்கரையில் மணல் கறுப்பு என்று அவனைக் கேட்டால் சொல்லுவான். இத்தாலிக்குப் போய்வந்த ஜெர்மன்காரர் அவன் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அங்கே சாப்பிட்டதை விட இது திறம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவன் இத்தாலியைக் கலண்டருக்கு வெளியில் கண்டதில்லை.

போன வருடம் சட்டம் மாறியது. நீண்டகாலம் இருந்தவர்களுக்கு விசா கொடுத்தார்கள். பெர்லினுக்குப் போய் இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்து, அதற்குள் விசாவும் ஒட்டுப்பட்டு வந்த அன்றைக்கு நான்தான் சொன்னேன், நற்கருணைத் திருநாள் விடுமுறைக்கு நாலு பேரும் எல்பாவுக்குப் போவோம் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

புவனேந்திரன் அண்ணை உடனே திட்டம் போட்டார். அந்த மனிதர் சந்தைக்குப் போகவே திட்டம் போடுகிற ஆள். வியாழன் முழுக்க ஓட்டம், லிகூரியாக் கடற்கரையில் ஒரு கோப்பி, இரவு எட்டு மணிக்குப் பியோம்பினோவில் இருந்து கப்பல். வெள்ளி எல்பா. சனி இன்னொரு சின்னத் தீவு. ஞாயிறு வீடு. சுவிஸ் வழியாகப் போனால் கிட்ட, ஆனால் சில்வெஸ்டருக்கு அங்கே தனி விசா வேண்டும், எனவே ஒஸ்ரியா வழி. எல்லாவற்றையும் கணினியில் அடித்து, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, ஆளுக்கொன்று தந்தார். மூத்திரம் பெய்வதற்கு எங்கே நிற்பது என்பது கூட அதில் இருந்தது.

வியாழன் காலை. றீற்றா இடியப்பப் பெட்டி, சம்பல், அறுபது மட்டன் றோல்ஸ், சோறு அவிக்கிற மின்சாரச் சட்டி எல்லாவற்றையும் வானில் ஏற்றிவிட்டிருந்தாள்.

“இத்தாலிக்குத்தானே போறம், அங்க சாப்பாடு இல்லையோ?” என்று கேட்டேன்.

“மூண்டு நாள் பாஸ்ரா திண்டால் இவருக்கு வயிறு ஏலாது” என்றாள்.

சில்வெஸ்டர் வந்தான். கொலோன் கலியாணத்துக்குத் தைத்த அதே கோட். ஒரு சின்னப் பை. கையில் ஓர்ட்னர். ஓர்ட்னர் என்றால் ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற தடித்த கோப்புத்தான், ஆனால் இவனுடையது பதினொரு வருடக் கடதாசியால் ஊதி, றப்பர் பட்டி போட்டுக் கட்டப்பட்டது. அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் இருந்தான்.

“அதைப் பின்னால போடு, சில்வெஸ்டர். காலை நீட்டி இரு.”

“இல்லை அக்கா. இது கையில இருக்கட்டும்.”

கெம்ப்டன் தாண்டி வாகனத் தரிப்பிடம் ஒன்றில், அட்டவணைப்படி, ஏழு இருபதுக்கு நிறுத்தினோம். புவனேந்திரன் அண்ணை தன் உறையைப் பார்த்துவிட்டு, இனி எல்லை வருகிறது, எல்லோரும் பாஸ்போட்டைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கோ என்றார். நாங்கள் எடுத்து வைத்தோம். சில்வெஸ்டர் றப்பர் பட்டியைக் கழற்றினான்.

முதல் பக்கம். கடைசிப் பக்கம். நடுப் பக்கம். முகாமில் இருந்த காலத்துக் கட்டில் விரிப்புப் பற்றுச்சீட்டு கூட அதில் இருந்தது. டுல்டுங் மட்டும் நாற்பதுக்கு மேல். வழக்கறிஞர் கடிதம், நிராகரிப்பு, மேன்முறையீடு, அதற்கும் நிராகரிப்பு, மைன்ஸ் பொலிஸ் எழுதினது, அபராதம் கட்டின துண்டு. கடவுச்சீட்டு மட்டும் இல்லை.

“அது அந்தோனியாருக்குப் பின்னால இருக்கு” என்றான்.

“ஆருக்குப் பின்னால?”

“அறையில. அந்தோனியார் படத்துக்குப் பின்னால. பத்திரமா இருக்கட்டும் எண்டு வைச்சனான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த றோல்ஸ் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் கொட்டியிருப்பேன். காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியார். அவருக்குப் பின்னாலேயே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான் விசரன். கையில் கடவுச்சீட்டே இல்லாமல் பதினொரு வருடம் திரிந்தவனுக்கு, வெளியே போகும்போது அதை எடுக்க வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வரும்? ஓர்ட்னரைத் தூக்குகிற பழக்கம்தான் இருந்தது. இது எனக்கு இப்போது விளங்குகிறது. அந்த நேரம் விளங்கவில்லை.

புவனேந்திரன் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அங்க ஒருத்தரும் பாக்க மாட்டாங்கள். பத்து வருசமா எல்லையில சோதனை இல்லை. பேசாமல் இரு, போவம்.”

“பாத்தால்?” என்றான் சில்வெஸ்டர்.

“பாக்க மாட்டாங்கள் எண்டு சொல்லுறன்.”

“கொலோனுக்குப் போகேக்கையும் நீங்கள் இதைத்தான் சொன்னீங்கள், அண்ணை.”

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. புவனேந்திரன் அண்ணை உறையை மடிக்கப் பார்த்தார், பிளாஸ்ரிக் மடியவில்லை. றீற்றா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி. எனக்கும்தான்.

“நீங்கள் போங்கோ” என்றான் சில்வெஸ்டர். “நான் கெம்ப்டனுக்கு நடந்துபோய் றெயின் எடுக்கிறன். போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“போட்டோவோ?” என்றேன். “பதினொரு வருசமா நீ போட்டோ பாத்தது காணாதோ? ஏறு வானில. அண்ணை, வான் திறப்பைத் தாங்கோ.”

“கொறற்றி, கப்பல் எட்டு மணிக்கு. திரும்பிப் போனால் பிடிக்கேலாது. ஒரு நாள் பிழைக்கும்” என்றார் அவர் என்னிடம்.

“பிழைக்கட்டும். திறப்பைத் தாங்கோ.”

திறப்பைத் தந்தார். இரண்டு மணித்தியாலம் நான்தான் திரும்பி ஓட்டினேன். றீற்றா ஆளுக்கொரு றோல்ஸ் நீட்டினாள். கோபத்தில் நான் நாலு சாப்பிட்டேன்.

எஸ்லிங்கனில் அவனுடைய அறை உணவகத்துக்கு மேல், கூரைக்குக் கீழே. மற்ற இரண்டு பேரையும் வானில் விட்டுவிட்டு நானும் ஏறினேன், தனியாக விட்டால் இன்னும் எதையாவது மறந்துவிட்டு வருவான் என்ற பயத்தில். இவ்வளவு காலப் பழக்கத்தில் அந்த அறைக்குள் நான் போனதில்லை. சுவர் முழுக்க எல்பா. பழைய கலண்டர்களில் இருந்து வெட்டின துறைமுகம், படகு, மஞ்சள் வீடு, திரும்பவும் துறைமுகம். படுக்கையில் படுத்தால் நேரே கடல் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தான். அந்தப் பக்கம் பார்க்காமல் அந்தோனியாரைக் கழற்றி, மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றியிருந்த கடவுச்சீட்டை எடுத்தான்.

“வைச்சிட்டியோ? பொக்கற்றுக்குள்ள வை. என்னட்டைக் காட்டு. சரி, இறங்கு.”

மத்தியானம் ஒன்றரைக்கு, பியூசனுக்கு அருகே, எல்லைச் சுரங்கத்துக்கு முன்னால் இருக்கிற கடைசித் தரிப்பிடம். சில்வெஸ்டர் நிறுத்தச் சொன்னான். மூத்திரத்துக்கு என்று நினைத்து நிறுத்தினேன். அவன் இறங்கி, கோட் பொத்தானைப் பூட்டி, கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான்.

“எங்க அக்கா காட்டுறது?”

“எதைக் காட்டுறது?”

“இதை. பொலிஸ் எங்க நிக்கிறவை?”

“ஒருத்தரும் இல்லை. அந்தச் சுரங்கத்துக்குள்ள போய் வெளியில வந்தால் ஒஸ்ரியா. அவ்வளவுதான்.”

“ஒருத்தரும் பாக்க மாட்டினமோ?”

“நான் காலமையே சொன்னனான்தானே” என்று வானுக்குள் இருந்து புவனேந்திரன் அண்ணையின் குரல் வந்தது. அதைத் தொடர்ந்து றீற்றா அவரிடம் ஏதோ சொன்ன சத்தமும், அவர் வாயை மூடின சத்தமும்.

சில்வெஸ்டர் நடைபாதைக் கல்லில் இருந்துவிட்டான். எனக்கு உச்சியில் ஏறியது. விடிய ஐந்து மணியில் இருந்து ஐநூறு கிலோமீற்றர் ஓடி, கப்பலை விட்டு, ஒரு நாளை விட்டு, இந்தக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால், பார்க்க ஆள் இல்லை என்று இப்போது குந்திக்கொண்டு இருக்கிறான். எழும்படா என்று கத்தத்தான் கிட்டப் போனேன். 

“சும்மா போனால் களவாப் போற மாதிரி இருக்கு, அக்கா” என்றான். “கொலோனுக்குப் போன மாதிரி. ஆரும் ஒராள் இதைப் பாத்து, சரி, போ எண்டு சொன்னால் நான் போயிடுவன். சொல்லாமல் என்னாலை ஏலாது.”

 முப்பத்தெட்டு வயது மனிதன். நான் கத்தவில்லை.

வானுக்குப் போய், முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குப் போடுகிற நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் நிமிர்ந்து நின்றேன். வீதியால் போன ஒரு லொறிக்காரன் எட்டிப் பார்த்தான், பார்க்கட்டும். எழும்பு என்று கையால் காட்டினேன். எழும்பினான்.

“பாஸ்போட், தயவுசெய்து” என்றேன் ஜெர்மனில்.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினான். நான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன், திரும்பவும் படத்தைப் பார்த்தேன். அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? விசா ஒட்டின பக்கத்தில் விரலை வைத்துத் தேதியை வாசித்தேன்.

“எங்கே போகிறீர்கள், திரு. சில்வெஸ்டர்?”

“எல்பா” என்றான். அவனும் ஜெர்மனில்தான் சொன்னான்.

“என்ன காரியமாக?”

“விடுமுறை.”

அந்தச் சொல்லை அவன் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த கேள்விக்கு வாய் தானாகப் பழைய கேள்வியிடம் போனது. எப்போது நாட்டை விட்டுப் போகிறீர்கள். எத்தனை தடவை இந்த வாயால் அதை அவனிடம் சொல்லியிருக்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்கென்ன, நான் வெறும் மொழிபெயர்ப்புத்தானே என்று. வெட்கமாக இருந்தது. அதை விழுங்கினேன்.

“எப்போது திரும்பி வருவீர்கள்?” என்றேன்.

 அவன் சப்பாத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியது, துடைக்கவில்லை. வானுக்குள் இருந்த இரண்டு பேரும் இறங்கி வந்து, பக்கத்தில் நின்றார்கள்.

“ஞாயிற்றுக்கிழமை” என்றான் கடைசியில். “திங்கள் எனக்கு வேலை இருக்கு.”

“நல்லது. போய் வாருங்கள்.”

கடவுச்சீட்டை மூடிக் கொடுத்தேன். வாங்கி, கோட்டின் உள்பொக்கற்றில் வைத்து, அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

“ஏறு இனி” என்றேன். “நாளைக்குக் காலமைக் கப்பலையும் விட்டால் நான் மனுசியாய் இருக்க மாட்டன்.”

அவன் முதலில் பின்கதவைத் திறந்தான். ஓர்ட்னரைத் தூக்கி இடியப்பப் பெட்டிக்கும் சோற்றுச் சட்டிக்கும் நடுவில் வைத்தான். பிறகு முன்னால் வந்து, என் பக்கத்துச் சீற்றில் காலை நீட்டி இருந்தான்.