பெனிட்டாவின் துண்டு

கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டில் பிளம் கேக்கின் முதல் துண்டு உயிரோடு இருப்பவர்களுக்கு இல்லை. அதைக் காகிதத்தில் சுற்றி, குன்னூர் கல்லறைத் தோட்டத்தில் மாமியாருக்கு வைத்துவிட்டு வந்துதான் நாங்கள் சாப்பிடுவோம். செத்தவர்களுக்கு வைத்ததை யாரும் தின்னக் கூடாது.

இந்த வருடம் இரண்டு துண்டு எடுத்துப் போனேன்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பெனிட்டாவுக்குங்க."

எங்கள் மகள் பெனிட்டா, கமலேஷைக் கட்டிக்கொண்டு போன அன்றே, அவள் செத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். கிறிஸ்மஸுக்கென்று அவள் அனுப்பிய ஸ்வெட்டரை நேற்றுதான் அடுப்பில் போட்டு எரித்தார்.

"செத்தவளை எங்க பொதைச்சீங்க? எடத்தைக் காட்டுங்க, வெச்சர்றேன்."

வாயடைத்து நிற்பார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்துப் புல்லை ஷூவால் தட்டிக் காட்டினார்.

"இங்கதான்."

காகிதத்தைப் பிரித்தேன். அங்கேயே நின்று, அவர் கண் முன்னால், என் மகளின் துண்டை நான் தின்றேன். ஒரு துணுக்கைக்கூட அந்த மண்ணுக்கு விடவில்லை.