தண்ணிக்குக் கழிக்காத ராத்தல்

இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எழுபத்து நாலாம் வருடம், நோயாளிகளையும் கொழுந்துத் தராசில்தான் நிறுத்தார்கள். மருந்துக் காம்பராவின் தராசு துருப்பிடித்துச் செத்துப் போயிருந்தது. மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர், அதாவது ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டால் மட்டுமே காது கேட்கும் அந்தப் பெருமகன், கொக்கியில் சாக்கைக் கட்டிக் காசநோய்க்காரன் வீரய்யாவைப் போர்த்திய கம்பளியோடு அதில் குந்தவைத்தார்.

பக்கத்தில் அவன் பெண்சாதி ரெங்கம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் தொண்ணூறு ராத்தலைத் தாண்டிவிடக் கூடாதே என்று மாரியாத்தாளை வேண்டியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தாண்டினால் மாதாமாதம் கிடைக்கிற சத்துமாப் பை நின்றுவிடும். அந்த மாவுக்கஞ்சி உள்ளே போகாமல் மாத்திரை போட்டால் வீரய்யா அத்தனையையும் வாந்தியெடுப்பான். அவர்கள் குடியிருந்த லயத்தில் வேறு கஞ்சிக்கு வழியில்லை. ரேஷன் கூப்பன் மாவே பாதியாகிவிட்ட காலம்.

“தொண்ணூத்தி மூணு!” டாக்டரய்யா பூரித்துப்போனார். “போன மாசம் எம்பத்தி ஏழு. என் கைராசியப் பாத்தியா? தேறிட்டான்னு பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதிடுறேன். இனி மாவு கெடையாது.”

தேறியவன் சாக்குக்குள் தொங்கியபடி இருமினான்.

“ஐயா, அது மழையில நனைஞ்ச கம்பளிங்க. சொட்டுது பாருங்க.”

“அதுக்கு?”

“நாங்க நனைஞ்ச கொழுந்து கொண்டாந்தா தண்ணிக்குக் கழிக்கிறாங்க, சாக்குக்கும் கழிக்கிறாங்க. எம் புருசனுக்கு மட்டும் ஒண்ணுமே கழிக்கலீங்களே?”

“கொழுந்துக்குக் கழிக்கிறது தோட்டத்துச் சட்டம். மனுசனுக்குக் கழிக்கச் சொல்லி எந்தச் சர்க்குலர்லயும் இல்ல.”

ரெங்கம்மா கம்பளியை உருவி எறிந்தாள். முள் சரசரவென்று இறங்கி எண்பத்து நாலில் நின்றது. டாக்டரய்யாவின் முகமும் கூடவே இறங்கியது. ஆனால் சட்டம் தெரிந்தவர் தோற்பாரா?

“மாவு குடுத்தும் மூணு ராத்தல் குறைஞ்சிருக்கான்னா, வீட்டுல வேற யாரோ தின்னிருக்காங்க. அதுக்கும் நிறுத்தணும்.”

தின்றதுதான். கஞ்சி வாசனைக்கு எழுந்து உட்காருகிற இரண்டு பிள்ளைகளிடம், இது அப்பாவின் மருந்து என்று எத்தனை நாளைக்குச் சொல்வது?

நேராகப் போய் மேசைக்கடியில் இருந்த மாவுப் பையை இழுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரி!”

“மாட்டேங்க.”

“கங்காணியக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க.” சாக்கிலிருந்து இறங்கி நடுங்கிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். “இங்கிட்டு வாய்யா. ஐயா மூஞ்சிக்கு நேரா நின்னு இருமு.”

காசநோயைக் கண்டு அஞ்சாதீர்கள் என்று மாதாமாதம் பிரசங்கம் செய்கிற மனிதர், முதல் இருமலுக்கே வாசற்படியைத் தாண்டிக் குதித்தார். “எடுத்துக்கிட்டுத் தொலைங்க!” என்று மழைக்குள்ளிருந்து கத்தினார்.

ரெங்கம்மா பையை இடுப்பில் ஏற்றினாள். “போதும்யா, வா.”

முதல் இருமல் அவள் சொல்லி இருமியது. அடுத்தவை யார் சொல்லியும் நிற்கவில்லை. வீரய்யா மேசைக் காலைப் பிடித்தபடி சரிந்தான். வாயைப் பொத்திய உள்ளங்கை சிவந்திருந்தது.

அவள் பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். “ஐயா! உள்ள வாங்கய்யா! ஐயா!”

மழையில் ஆளைக் காணவில்லை.